பழைய ஜெர்மன் பீர் ஸ்டைன் வாங்கப் போகிறீர்களா? அடியைத் திருப்பிப் பாருங்கள்

மியூனிக்கில் ஒரு பழம்பொருள் கடையில் 380 யூரோ கொடுத்து மூடி போட்ட பீர் ஸ்டைன் (ஜெர்மன் பீர் குவளை) ஒன்று வாங்கினேன். "மெட்லாக் தயாரிப்பு, 18-ஆம் நூற்றாண்டு" என்று கடைக்காரர் ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார். மெட்லாக் என்பது பீங்கான் ஆலைக்குப் பெயர்போன ஜெர்மன் ஊர். இரண்டுமே பொய். ஆதாரமாக அவர் காட்டியது அடியில் பதிந்திருந்த, 17 என்று தொடங்கும் நான்கு இலக்க எண். அதுதான் செய்த வருடமாம்.

அது வடிவ எண். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்து அடியில் பதித்தன. டிராகன் கைப்பிடியோடு புனித ஃப்ளோரியான் தீயணைக்கும் காட்சி கொண்ட அசல் மெட்லாக் ஸ்டைனின் எண்ணே 1786தான். ஆனால் சார் நதிக்கரையில் இருந்த மெட்லாக் மடத்தை ஆலையாக்குவதற்காக ழான் பிரான்சுவா போக் வாங்கியதே 1809-இல். வில்லராய் குடும்பத்தோடு சேர்ந்து வில்லராய் அண்ட் போக் நிறுவனம் ஆனது 1836-இல். அவர்கள் வருடத்தைத் தனியாக இரண்டு இலக்கத்தில் பதித்தார்கள். 97 என்றால் 1897.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். என் ஸ்டைனின் விளிம்புக்குக் கீழே ஒரு கோடும் '0,5 L' என்ற குறியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் குவளையில் லிட்டர் எப்படி வரும்? ஜெர்மனி மெட்ரிக் அளவுக்கு மாறியது 1872-இல். மதுக்கடைக் குவளைகளில் கொள்ளளவுக் கோடு இருக்க வேண்டும் என்ற சட்டம் 1881-இல் வந்து 1884 முதல் அமலானது. லிட்டர் குறி இருந்தால், 18-ஆம் நூற்றாண்டு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது வேறொன்றைப் பார்த்துத்தான். அடியில், எண்ணுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது. மேலே ஏதோ பழுப்புப் பூச்சு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததும் பூச்சு போய், உரசித் தேய்த்த தடம் தெரிந்தது. ஏலக் கூடத்தில் பீங்கான் பிரிவு பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். மண்ணையும் மெருகையும் பார்த்து, மேற்கு ஜெர்மனியின் வெஸ்டர்வால்டு பகுதியில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்ததாக இருக்கும் என்றார். அப்படியென்றால் தேய்த்து எடுத்தது பெரும்பாலும் 'வெஸ்ட் ஜெர்மனி' முத்திரையாக இருக்கும். 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட சரக்கு என்று அது காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

வெஸ்டர்வால்டில் உள்ள ஹோர்-கிரென்ஸ்ஹவுசன் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கல்மண் (கல் போல் கெட்டியாகச் சுட்ட மண்) குவளை செய்கிறார்கள். இதைச் செய்ததும் அவர்களில் யாரோவாக இருக்கலாம். முத்திரை போய்விட்டதால் எந்த ஆலை என்று இனி உறுதியாகச் சொல்வது கடினம். பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கடைக்காரர் "பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று கைவிரித்துவிட்டார். அது சட்டப்படி சரியில்லை. வேண்டுமென்றே ஏமாற்றி விற்றிருந்தால், தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தயாரிப்பாளர், காலம் இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். அடிப்பகுதியைக் கடையிலேயே படம் எடுத்துவிடுங்கள். என் ரசீதை வைத்து வக்கீல் கடிதம் அனுப்பியாகிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.