முதல் பாசிட்டிவ் வந்த அன்று: கொரோனா காலத்தில் சொகுசுக் கப்பல்களைத் திறந்துவிட்ட வழிகள்

2020 மார்ச் நடுவில் உலகின் சொகுசுக் கப்பல்கள் ஏறக்குறைய மொத்தமாக நின்றுபோயின. மறுபடி எப்போது விடலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒரு தேதியைப் பதிலாகச் சொன்னது. நார்வே அதே ஆண்டு ஜூனில் விட்டது. தைவான் ஜூலையில், இத்தாலி ஆகஸ்டில், சிங்கப்பூர் நவம்பரில். அமெரிக்கா 2021 ஜூன் வரைக்கும், ஆஸ்திரேலியா 2022 ஏப்ரல் வரைக்கும் பொறுத்திருந்தன. முந்தியவர் அவசரக்காரர், பிந்தியவர் ஜாக்கிரதைக்காரர் என்று வரிசை போடத் தோன்றும். நடந்ததைப் பார்த்தால் அந்த வரிசை நிற்கவில்லை. தேதியை விட்டுவிட்டு, கப்பலில் முதல் தொற்று தெரியவந்த அன்று என்ன நடந்தது என்பதை வைத்து ஒப்பிட்டால்தான் யார் தயாராக இருந்தார்கள் என்பது விளங்குகிறது.

இந்த அளவுகோலைக் கொடுத்ததே 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான். ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர்; அவர்களில் 712 பேருக்குத் தொற்று. பயணிகள் கேபினுக்குள் அடைந்து கிடக்க, நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உட்பட அந்தக் கப்பலின் பணியாளர்கள் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேறொருவரோடு பகிர்ந்துகொண்ட சின்ன அறைகளில் போய்ப் படுத்தார்கள். தனிமைப்படுத்தல் பயணிகளுக்குத்தான், அதைச் சாத்தியமாக்கியவர்களுக்கு இல்லை. அதே மாதம் வெஸ்டர்டாம் என்ற கப்பலை ஐந்து இடங்கள் ஏற்க மறுத்தன. கடைசியில் கம்போடியாவின் சிஹானூக்வில் துறைமுகம் இடம் கொடுத்தது. ஸாண்டாம் கப்பல் நான்கு பேரைச் சாகக் கொடுத்த பிறகுதான் ஏப்ரல் 2 அன்று ஃபுளோரிடாவில் கரை சேர்ந்தது. பணியாளர் எங்கே தூங்குகிறார், எந்தத் துறைமுகம் கப்பலை ஏற்றுக்கொள்ளும் என்ற இரண்டு கேள்விகளும் அப்போதே எழுந்துவிட்டன.

நார்வேயின் வழி, கேட்க நியாயமாகவே இருந்தது. கப்பல் சின்னது, கடற்கரை சொந்த நாட்டுக் கடற்கரை, நாட்டில் தொற்றும் குறைவு. ஹுர்டிக்ருட்டன் நிறுவனத்தின் ரோல்ட் அமுண்ட்சென் கப்பல் ஜூலையில் ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் இரண்டு முறை போய்வந்தது. ஜூலை 31 அன்று வட நார்வேயின் டிரோம்ஸோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது பணியாளர்களில் பலருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. 41 பணியாளர்கள் என்று கணக்கு முடிந்தது. பயணிகளிலும் இருபதுக்கு மேல். தொற்றிய பணியாளர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். அவர்களை முறையாகத் தனிமைப்படுத்திய பிறகு வேலைக்கு விட்டிருக்க வேண்டும், விடவில்லை. அதைவிடப் பெரிய கோளாறு, பயணிகள் கப்பலைவிட்டு இறங்கி நாடெங்கும் கலைந்துபோன பிறகே சேதி வெளியே வந்தது. முந்தைய பயணத்தில் வந்த ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்த பின்பும் மற்றவர்களுக்கு உடனே சொல்லப்படவில்லை. நிறுவனத் தலைவரே தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டார். நூறு பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் ஆட்களை இறக்கக்கூடாதென்று நார்வே அரசு தற்காலிகமாகத் தடை போட்டது.

சின்னக் கப்பல்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. நவம்பரில் பார்படாஸிலிருந்து கிளம்பிய ஸீட்ரீம் 1 கப்பலில் 53 பயணிகள், 66 பணியாளர்கள். ஒவ்வொரு பயணிக்கும் ஒரு பணியாளருக்கு மேல் என்ற அளவுக்குச் சொகுசு. கிளம்புமுன் பரிசோதனை, கப்பலேறும்போது மறுபடி பரிசோதனை, எல்லாம் நெகட்டிவ். அந்தத் தெம்பில் முதல் சில நாள்கள் முகக்கவசம்கூடக் கட்டாயமாக்கப்படவில்லை. கடைசியில் ஒன்பது பேருக்குத் தொற்று. பரிசோதனை என்பது அன்றைய நாளின் நிலவரம் மட்டுமே. உடம்புக்குள் புகுந்து இரண்டு நாளே ஆன வைரஸ் அதில் சிக்குவதில்லை. கப்பல் சின்னதாக இருந்தால் ஒரே உணவகம், ஒரே பார், அதே முகங்கள். பெரிய கப்பலில் அரைவாசி அறைகளைக் காலியாக விட்டால் ஒரு தளத்தையே நோயாளிகளுக்கென்று ஒதுக்கிவைக்கலாம். சின்னக் கப்பலில் அதற்கு இடமேது?

இத்தாலி அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டது. ஆகஸ்ட் 16 அன்று ஜெனோவாவிலிருந்து கிளம்பிய எம்எஸ்சி கிராண்டியோசா ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடிய ராட்சதக் கப்பல். அதில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஆள் சேர்க்கவில்லை. கப்பலேறுமுன் எல்லோருக்கும் பரிசோதனை, பணியாளர்களுக்குத் தனிமைப்படுத்தலும் திரும்பத் திரும்பப் பரிசோதனையும், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும் டிக்கெட். துறைமுகத்தில் இறங்கலாம், ஆனால் கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த சுற்றுலாவில், அவர்கள் பஸ்ஸில், அவர்கள் வழிகாட்டியோடு மட்டும். முதல் பயணத்திலேயே நேப்பிள்ஸில் ஒரு குடும்பம் கூட்டத்தைவிட்டுத் தனியே சுற்றப் போனது. திரும்பி வந்தவர்களைக் கப்பலில் ஏற்றவில்லை. இந்தச் சம்பவத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது அந்தத் திட்டத்தின் மேல் நம்பிக்கை தந்த இடம். எழுதிவைக்காத விதிகளால் கெட்டுப்போன கப்பல்கள் குறைவு. எழுதிவைத்துவிட்டுப் பணம் கட்டிய விருந்தாளியிடம் சொல்லக் கூச்சப்பட்டுக் கெட்டவைதான் அதிகம்.

இத்தாலி வழியில் ஒரு பலவீனம் இருந்தது. ஐந்து துறைமுகங்கள் என்றால் ஐந்து ஊர்களின் நிலவரம். கரையில் இரண்டாம் அலை எழுந்ததும், 2020 டிசம்பர் பண்டிகைக் காலத்தில் அரசுக் கட்டுப்பாடுகள் வந்து கப்பல் நின்றது. ஜனவரி 24 அன்றுதான் மீண்டும் கிளம்பியது.

சிங்கப்பூர் அந்தத் துறைமுகங்களையே கழித்துவிட்டது. எங்கும் போகாத பயணம்: மரினா பேயில் ஏறி, கடலில் இரண்டு மூன்று இரவு கழித்து, அதே மரினா பேயில் இறங்க வேண்டும். சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும், பாதி அளவு ஆள்கள், சுகாதார விதிகளுக்கெனத் தனிச் சான்றிதழ் பெற்ற கப்பல்கள், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று பதிவாக ஒவ்வொருவரிடமும் டிரேஸ்டுகெதர் செயலி அல்லது டோக்கன். சுற்றுலாவா இது, மிதக்கும் ஹோட்டல்தானே என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் 2020 டிசம்பர் 9 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள்.

குவாண்டம் ஆஃப் த ஸீஸ் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவர் உடம்பு சரியில்லையென்று கப்பல் மருத்துவரிடம் போனார். பரிசோதனையில் பாசிட்டிவ். கப்பலில் 1,680 பயணிகளும் 1,148 பணியாளர்களும் இருந்தார்கள். கப்பல் அன்று காலையே வீடு திரும்பியது. பயணிகள் கேபினில் இருக்க, கூட இருந்தவர்கள் யார் என்ற பட்டியல் தயாரானது, அன்றிரவே ஆள்கள் இறங்கத் தொடங்கினார்கள். கரையில் செய்த மறுபரிசோதனைகளில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது! வீண் அலைச்சல் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். உண்மையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒத்திகை அது. யோகோஹாமாவில் வாரக்கணக்கில் இழுத்தது இங்கே ஒரே நாளில் முடிந்தது. கப்பலை ஏற்பதா வேண்டாமா என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்த பயணிகள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். அந்த மாதங்களில் சிங்கப்பூரின் உள்ளூர்ப் பரவல் மிகக் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரில் தொற்று தலைவிரித்தாடிய நாடுகளில் இதே ஏற்பாடு இவ்வளவு சுத்தமாக ஓடியிருக்காது.

அமெரிக்கா போனது வேறு வழி. 2020 மார்ச் 14 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி போட்ட பயணத் தடை, அக்டோபர் இறுதியில் நிபந்தனை அனுமதியாக மாறியது. முதலில் பணியாளர் பரிசோதனை, துறைமுகங்களோடும் உள்ளூர் மருத்துவமனைகளோடும் ஒப்பந்தம், பிறகு தன்னார்வலர்களை ஏற்றிக்கொண்டு ஒத்திகைப் பயணம். பணியாளர்களில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் தடுப்பூசி போட்டிருந்தால் ஒத்திகை வேண்டாம் என்ற சலுகை பின்னால் வந்தது. செலிப்ரிட்டி எட்ஜ் கப்பல் 2021 ஜூன் 26 அன்று ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பியது அந்தச் சலுகையில்தான். இதற்கு நடுவே, தடுப்பூசிச் சான்று கேட்கக்கூடாதென்று ஃபுளோரிடா சட்டம் போட்டது, சிடிசி மேல் வழக்கும் போட்டது. நார்வேஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் ஃபுளோரிடாவின் மேல் வழக்குப் போட்டது. வக்கீல்களுக்கு நல்ல காலம்.

தடுப்பூசி வந்த பிறகு தொற்று மரணமாக மாறுவது வெகுவாகக் குறைந்தது. தொற்று பரவுவது நிற்கவில்லை. 2021 டிசம்பரின் முதல் இரு வாரங்களில் அமெரிக்கக் கடல்பகுதிக் கப்பல்களிலிருந்து சிடிசிக்கு வந்த தொற்றுக் கணக்கு 162. அடுத்த இரு வாரங்களில், ஒமிக்ரான் வந்ததும், 5,013. தடுப்பூசி போட்டவரானாலும் கப்பலேற வேண்டாம் என்று டிசம்பர் 30 அன்று சிடிசி எச்சரித்தது. இந்தியாவிலும் 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா போன கோர்டீலியா கப்பலில் 66 பேருக்குத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டு, கப்பல் மும்பைக்கே திரும்பியது.

ஆஸ்திரேலியா இரண்டு ஆண்டு கதவைச் சாத்தியதற்குக் காரணம் ரூபி பிரின்சஸ் கப்பல். 2020 மார்ச் 19 அன்று சிட்னியில் ஏறத்தாழ 2,650 பயணிகளைப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் இறங்கவிட்டார்கள். அதோடு தொடர்புடைய மரணங்கள் 28. தடை நீங்கிய பிறகு, 2022 நவம்பரில் மஜெஸ்டிக் பிரின்சஸ் ஏறக்குறைய 800 தொற்றாளர்களோடு அதே சிட்னிக்கு வந்தது. ரூபி பிரின்சஸைப் போலவே நூற்றுக்கணக்கில் தொற்று. ஆனால் யாருக்குத் தொற்று என்பது கரை தொடுமுன்பே தெரிந்திருந்தது, தனியே பிரித்து இறக்கினார்கள், ஊரிலும் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், தடுப்பூசி இல்லாத காலத்துக்கு நான் சிங்கப்பூரையே எடுப்பேன், அதுவும் ஊரில் தொற்று அடங்கியிருக்கும் மாதங்களுக்கு மட்டும். தடுப்பூசி வந்த பிறகு அமெரிக்க விதிகளையும் இத்தாலியின் கண்டிப்பையும் சேர்த்துக்கொண்டால் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றும் உண்மையான கப்பல் பயணம் சாத்தியம்தான். வயதானவர்களும் நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் அப்போதும் ஒரு சீசன் தள்ளிப்போடுவது நல்லது. சின்ன ஆடம்பரக் கப்பலைப் பாதுகாப்பு என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொரு தொற்றுக் காலத்தில் டிக்கெட் போடுமுன் கம்பெனியிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். எந்தத் துறைமுகம் எங்களை ஏற்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறது? பணியாளருக்குத் தனி அறை உண்டா? முதலாவதற்கு விற்பனைப் பிரிவு ஏதாவது ஒரு பதில் வைத்திருக்கும். இரண்டாவதற்குத் தடுமாறினால் முன்பணத்தைக் கட்ட வேண்டாம்.