மைலேஜ் கூடும் என்று ஸ்பார்க் பிளக் மாற்றுகிறார்கள், எச்சரிக்கை

சர்வீசுக்கு விட்ட காரை எடுக்கப் போகும்போது பில்லில் 'மைலேஜ் பிளக்' என்றோ 'பவர் பிளக்' என்றோ ஒரு வரி கண்ணில் பட்டால், பணம் கட்டுவதற்கு முன் கழற்றிய பழைய பிளக்குகளைக் கேளுங்கள். எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைப்பது இந்த ஸ்பார்க் பிளக்தான். நான் கேட்டேன். "அதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டோம் சார், அதில் ஒன்றும் மிச்சமில்லை" என்றார் மேற்பார்வையாளர். குப்பைக்குப் போனவை நான்கு இரிடியம் பிளக்குகள், அதாவது முனையில் இரிடியம் என்ற எளிதில் தேயாத உலோகம் வைத்தவை. அவற்றை 1,00,000 கிலோமீட்டரில் மாற்றினால் போதும் என்கிறது காருடன் வந்த கையேடு. என் கார் அதில் பாதிகூட ஓடவில்லை.

ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றத்தான் வண்டியை விட்டிருந்தேன். பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டிவிட்டு, பிறகு விளக்கம் சொன்னார்கள். இந்தப் பிளக்கில், மையத்திலிருந்து பொறி வந்து பாயும் பக்கவாட்டு மின்முனைகள் நான்காம், அதனால் ஒரே நேரத்தில் நான்கு பொறியாம். பொறி பெரிதானால் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரியுமாம், மைலேஜ் 20 சதவீதம் கூடுமாம். நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "ஓட்டியே பாருங்கள் சார்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அவர்களுடைய முழு வித்தையும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. ஏசியை அணைத்தார். மேடு பள்ளமில்லாத, சிக்னல் இல்லாத சாலைக்கு வழி சொன்னார். உயர் கியரில் வண்டி சீராக ஓடத் தொடங்கியதும் கையை நீட்டி, சராசரி மைலேஜ் காட்டும் மீட்டரைப் பூஜ்யமாக்கினார். எண் ஏறிக்கொண்டே போனது. "பார்த்தீர்களா சார்!" எந்தக் காரிலும் ஏறும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியது, நெரிசலில் ஊர்ந்தது, நின்ற இடத்திலேயே ஏசி ஓடியது எல்லாம் அந்தச் சராசரியிலிருந்து ஒரே அழுத்தில் மறைந்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்து டயர்களைச் சோதித்தேன். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவைவிட நான்கிலும் காற்று கணிசமாகக் கூடுதல். காற்று கூடினால் வண்டி லேசாக உருளும், மைலேஜும் கொஞ்சம் ஏறும்; கூடவே பிரேக் பிடிமானம் குறையும், டயர் நடுவில் தேயும். இதைப் பில்லில் எழுதவில்லை.

நான்கு பொறி என்பது சுத்தப் பொய். எத்தனை பக்கவாட்டு மின்முனை இருந்தாலும் பொறி ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் பாயும். அந்தக் கணத்தில் எங்கே தடை குறைவோ அங்கே. தேய்மானம் பகிர்ந்துபோய் ஆயுள் கூடும் என்பதற்காகச் சில கார் நிறுவனங்களே அத்தகைய பிளக்குகளைப் பொருத்துகின்றன. அது நியாயமான காரணம், ஆனால் மைலேஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெரிய பொறி என்ற வாதமும் நிற்காது. சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோலும் காற்றும் பற்றிக்கொள்ளக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றல் ஒரு மில்லிஜூலில் கால் பங்கு அளவுதான். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில், நல்ல நிலையில் இருந்தால், தருவதோ பல பத்து மில்லிஜூல். வைக்கோல் போரைத் தீக்குச்சியால் கொளுத்தினாலும் பந்தத்தால் கொளுத்தினாலும் எரிவது அதே வைக்கோல்தான். எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எஞ்சின் கணினி; புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற கணக்கை அது காத்துக்கொண்டே இருக்கிறது. ஒழுங்காக ஓடும் எஞ்சினில் எரியாமல் போகும் பெட்ரோல் மிகச் சொற்பம். அதில் 20 சதவீதத்தை எங்கிருந்து எடுப்பார்கள்?

இது புதிய வியாபாரமும் இல்லை. அமெரிக்காவில் ஸ்பிளிட்ஃபயர் என்றொரு பிளக் வந்தது, பக்கவாட்டு மின்முனை இரண்டாகப் பிளந்திருக்கும். எரிபொருள் மிச்சமாகும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 1990களில் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்திருக்கிறது; ஓரளவாவது பயன் தந்தவை மிகச் சிலவே.

மைலேஜ் கூடவில்லை என்பதோடு நின்றிருந்தால் பணம் போனது என்று விட்டிருப்பேன். சில வாரங்களில் வண்டி சிக்னலில் நிற்கும்போது நடுங்கத் தொடங்கியது. மேடேறும்போது உதைத்தது. ஒரு நாள் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று பொருள். மின்னினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். மிஸ்ஃபயர் ஆகி, அதாவது சிலிண்டரில் கலவை பற்றாமல் போய், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்குகிறது. பிளக்கின் விலையைக் கன்வெர்ட்டரின் விலையோடு ஒப்பிடவே முடியாது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஸ்கேனரில் பி0302 என்ற பழுதுக் குறியீடு வந்தது, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். அந்தப் பிளக்கைக் கழற்றக் குழாய் ஸ்பானரை வைத்தார். பலம் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே சுழன்று வந்துவிட்டது. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்காமல் கையால் திருகி விட்டிருக்கிறார்கள். அதிகமாக முடுக்கியிருந்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரையே போயிருக்கும், அந்த வகையில் தப்பித்தது என்றார்.

பிறகு என் காருக்குரிய சரியான பிளக் ஒன்றை எடுத்து, கழற்றியதன் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரியான பிளக்கில் மைய மின்முனை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஊசிபோல் இருந்தது. பெட்டியில் தங்க எழுத்தில் இரிடியம் என்று போட்டு விற்ற பிளக்கிலோ சாதாரண நிக்கல் பிளக்கில் இருப்பதைப் போன்ற தடித்த முனை. அடியில் இருக்கும் வளையத்தை நகத்தால் தள்ளினார், கழன்று கையோடு வந்தது. அசல் பிளக்கில் அது அப்படி வராது. உள்ளே தெரியும் பீங்கான் மூக்கு சரியான பிளக்கில் நீளம், இதில் குட்டை. குட்டை மூக்கு என்றால் சூட்டை வேகமாகக் கடத்திவிடும் குளிர் வகை. பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்துபோகும்; நகருக்குள் குறைந்த தூரம் ஓடும் காரில் இந்தக் குளிர் வகை அந்தச் சூட்டையே எட்டுவதில்லை. பீங்கான் முழுக்க மைபூசியதுபோல் கறுத்திருந்தது. மாறாக, தேவைக்கு மேல் சூடான வகையைப் போட்டால் 800 டிகிரிக்கு மேல் போய், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். அது பிஸ்டனையே ஓட்டையாக்கும்.

"எண் ஒன்றுதான் சார்" என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். சூட்டு வகையைக் காட்டும் எண்ணை ஒவ்வொரு பிளக் நிறுவனமும் தன் முறையில் போடுகிறது. என்ஜிகே முறையில் எண் ஏற ஏறப் பிளக் குளிர் வகை. பாஷ் முறையில் எண் ஏற ஏறச் சூடான வகை. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு நேரே ஒப்பிட முடியாது. கையேட்டில் உள்ள முழுக் குறியீட்டு எண், எழுத்துகள் உட்பட, பெட்டியிலும் பிளக்கின் மேலும் இருக்க வேண்டும். வேறு நிறுவனப் பிளக் என்றால் அந்த நிறுவனமே வெளியிடும் பொருத்தப் பட்டியலில் உங்கள் காரின் எஞ்சின் இருக்க வேண்டும். வெளிக் கம்பெனிப் பிளக் என்பதாலேயே மட்டம் என்று நான் சொல்லவில்லை. கார் நிறுவனங்கள் பிளக்கைத் தாங்களே செய்வதில்லை, இதே நிறுவனங்களிடம்தான் வாங்குகின்றன.

பிளக் மாற்றி மைலேஜ் கூடியது என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்லவும் இல்லை. தேய்ந்த பிளக்கில் மின்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகன்று பொறி தவறும். எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கணினி தப்பாக எண்ணி இன்னும் ஊற்றும். அந்த வண்டிக்குப் புதுப் பிளக் போட்டால் மைலேஜ் ஏறும், சாதாரணப் பிளக் போட்டாலும் ஏறும். இழந்தது திரும்புகிறது, அவ்வளவுதான். என் காரில் எதுவும் இழக்கப்பட்டிருக்கவில்லை. சரியான பிளக்குகள் போட்டு, டயரில் அட்டையில் உள்ள காற்றை வைத்து, டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். சர்வீசுக்கு முன் கிடைத்த அதே மைலேஜ்தான் வருகிறது.

கழற்றிய நான்கையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முதலில் பெட்ரோல் சரியில்லை என்றார்கள். அடுத்து, மாட்டிய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். வேலை அட்டையின் என் நகலை மேசையில் வைத்தேன். நான் கையெழுத்திட்ட வரிகளில் ஆயிலும் ஃபில்டர்களும் மட்டுமே இருந்தன. பிளக் வரி கடையின் பிரதியில் மட்டும் வேறு மையில் இருந்தது. அதன் பிறகு பிளக்குக்கும் கூலிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் பழைய இரிடியம் பிளக்குகளுக்கும், இரண்டாவது மெக்கானிக்குக்குக் கொடுத்ததற்கும் ஈடு கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள், பதில் இன்னும் வரவில்லை.