கீழக்கரைச் சாலைக் கடைசல் பட்டறையில் வாங்கிய பேனாத் தாங்கி

மண்டபத்தில் என் எழுதுமேசை கடலைப் பார்த்த சன்னலை ஒட்டி இருக்கிறது. ஆனி பிறந்து கச்சான் காற்று எழுந்துவிட்டால் பிளாஸ்டிக் பேனாக் குவளை அதன் மேல் நிற்காது. விடைத்தாள்களோடு சேர்ந்து தரைக்குப் போய்விடும். அடி கனமாக, மரத்தில் கடைந்த தாங்கி ஒன்றை நான் தேடத் தொடங்கியது இதனால்தான். வேறோர் ஊரில் முதலில் வாங்கியது மூன்றே மாதத்தில் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. ஆகவே, அடுத்ததை வாங்குமுன் கடைகிறவர் மரத்தை எப்படி உலர்த்துகிறார் என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தேன். இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை செல்லும் சாலையில், திருப்புல்லாணியைத் தாண்டி உள்ள பட்டறைக்கு நான் போனது அப்படித்தான்.

பட்டறையின் பின்புறம், வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து வெளியேறும் கொட்டகையில், கட்டைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளிலும் மெழுகு பூசியிருந்தது. மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டு முனை வழியாக மிக வேகமாக வெளியேறும். முனை முந்திச் சுருங்க, இன்னும் ஈரமாக இருக்கும் உட்பகுதி அதற்கு இடம் கொடுக்காது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு உண்டாகிறது. மெழுகு அந்த வேகத்தைக் குறைக்கிறது. எனக்காக எடுத்த கட்டையின் பக்கத்தில் 858, 771, 714, 690, 686, 686 என்று பென்சிலால் எழுதியிருந்தது. மாதம் ஒரு முறை தராசில் வைத்துப் பார்த்த கிராம் கணக்கு அது. எடை இறங்குவது நின்றுவிட்டால், மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன் நான் ஆசைப்பட்டுத் தொட்ட வேறொரு கட்டையைப் பட்டறைப் பெரியவர் வாங்கித் திரும்ப அடுக்கிவிட்டார். “இது இன்னும் எடை எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு டீச்சர், ரெண்டு மாசம் போகட்டும்” என்றார்.

பிளந்துபோன பழைய தாங்கியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கவிழ்த்து, வளையங்களின் நடுப்புள்ளி அடிப்பாகத்தின் மையத்திலேயே இருப்பதை நகத்தால் தொட்டுக் காட்டினார். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எனவே, ஈரம் முழுதும் போகாத மரத்தை நடுத்தண்டோடு சேர்த்து உருளையாகக் கடைந்தால், அது பெரும்பாலும் எங்காவது பிளந்துவிடும். இங்கே நடுத்தண்டை ஒதுக்கிவிட்டு, பருத்த அடிமரத்தின் ஒரு பக்கத்திலிருந்துதான் கட்டை எடுக்கிறார்கள்.

பூவரசும் இருந்தது; நான் கேட்டது சீமைக்கருவேலம். நம் மாவட்டத்தில் மூட்டம் போட்டுக் கரியாக்குவதற்கென்றே இருப்பதாக எண்ணப்படும் அந்த மரத்தின் வைரம் பாய்ந்த உள்மரம், மெருகேறியதும் ஈட்டி மரத்தை நினைவூட்டும் செம்பழுப்பு நிறம் கொள்கிறது. கண்மாய்களையும் தரிசுகளையும் அது மூடிவிட்ட கேட்டை நான் மறந்துவிடவில்லை. வெட்டியே ஆக வேண்டிய மரத்தில் பருத்த பகுதியாவது கரியாகாமல் வீட்டுக்குள் வரட்டும் என்பதே என் விருப்பம். அது கோணலாக வளர்வதால் நீளமான பலகை கிடைப்பது அரிது. ஆனால் மேசைப் பொருளுக்கு ஒரு சாண் நேரான துண்டு போதும். உலரும்போது பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்குவதும் கடைசலுக்கு ஏற்ற குணம்.

கடைவதை அருகில் நின்று பார்த்தேன். மூலைகளைச் சீவிய கட்டையை லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே பூட்டி, உளி தாங்கியைக் கட்டைக்கு நெருக்கமாக வைத்து, மோட்டாரைப் போடுமுன் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் தட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார். முதலில் குறைந்த வேகம். குழியுளி பட்டதும் டக் டக்கென்று எழுந்த ஓசை, கட்டை உருண்டையாக ஆக ஒரே சீரான முரலாக மாறியது. பிறகு பெல்ட்டை ஒரு படி மாற்றி வேகத்தைக் கூட்டினார். உட்குழியைத் துளையிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சுழலும் மரத்தின் மீது அரக்குக் கட்டியை அழுத்தினார். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் பரவியது.

கையில் வந்த தாங்கி பத்தரை சென்டிமீட்டர் உயரம், 270 கிராம் எடை. உட்குழி எட்டு சென்டிமீட்டர் ஆழம்தான். மீதி இரண்டரை சென்டிமீட்டர் கனம் அடியில் இருப்பதால் காற்றுக்கு அசைவதில்லை. அடிப்பாகத்தைச் சற்றே உட்குழிவாகக் கடைந்திருப்பதால் விளிம்பு மட்டுமே மேசையைத் தொடுகிறது. எனவே ஆட்டமும் இல்லை.

குறைகளும் உண்டு. உட்குழியின் அடியைத் தேய்க்காமலே விட்டிருந்தார்கள். துளைக்கருவி கருக்கிய வட்டத்தை நானே உப்புத்தாளால் எடுக்க வேண்டியிருந்தது. பூச்சி அரித்த இரண்டு துளைகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்திருப்பது உற்றுப் பார்த்தால் தெரிகிறது. அரக்கு வேண்டும் என்று முன்பே சொல்லாவிட்டால் பளபளக்கும் வார்னிஷ் அடித்துவிடுவார்கள். இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது, உதவிக்கு நின்ற இளைஞர் அந்த மரத்தூளுக்கு நடுவே முகக்கவசம் இல்லாமல் வேலை செய்ததுதான். பெரியவரிடமே இதைச் சொன்னேன். அவசியம் மாற்ற வேண்டும்.

விலை 450 ரூபாய். சொல்லிவைத்த நாளிலிருந்து ஆறு வாரம் ஆயிற்று. அரக்கு சாராயத்தில் கரையும் என்பதால் கைகழுவும் சானிடைசரை இதன் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆவணியில் வாங்கிவந்த தாங்கியைக் கார்த்திகை மழையில் நிறுத்துப் பார்த்தபோது 276 கிராம் காட்டியது, பங்குனியில் 271. விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. அன்று இன்னும் எடை இறங்கிக்கொண்டிருந்ததால் அடுக்குக்கே திரும்பிய அந்தக் கட்டையில், தலைமையாசிரியர் மேசைக்கு இன்னொன்று கடையச் சொல்லியிருக்கிறேன்.