எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுச் சுற்றுலா: கைடுக்காகப் போகலாம், ஆனால் காலை வேனில் வேண்டாம்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு, அதை ஒட்டிய வெஸ்ட் எல்லோஸ்டோன் ஊரிலிருந்து கிளம்பும் ஒருநாள் வேன் சுற்றுலாவில் செப்டம்பரில் போய் வந்தோம், நானும் மனைவியும் எட்டாவது படிக்கும் மகளும். வாடகைக் காரில் நாமே சுற்றிவிடலாமா, கைடு வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் குறை. நடுவில் நீலமும் சுற்றிலும் மஞ்சள், ஆரஞ்சு வளையங்களுமாக இருக்கும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றுக்குக் காலை எட்டரை மணிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். குளிரில் ஆவி அப்படியே மூடிக்கிடக்கிறது, கிட்டத்தட்ட நூறு மீட்டர் அகலக் குளத்தில் நீலம் ஒரு கீற்றுதான் தெரிந்தது. மதியம்தான் நன்றாகத் தெரியுமாம், ஆனால் அப்போது பார்க்கிங் கிடைக்காதாம். சரி, அதைப் பணம் கட்டும்போதே சொல்ல வேண்டாமா?

ஆனால் கைடு அந்த வருத்தத்தைப் போக்கிவிட்டார். குளத்திலிருந்து வழியும் நீர் பலகைப் பாதையை ஒட்டியே ஓடுகிறது. பாதையிலேயே குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த வெப்பமானியை நீட்டிக் காட்டினார்: மஞ்சள் விளிம்பில் 69 டிகிரி, ஆரஞ்சில் 61, பழுப்பில் 48. ஒவ்வொரு நிறத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறு. ஏறக்குறைய 73 டிகிரியைத் தாண்டினால் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர் எதுவும் தாங்காது, அதனால்தான் நடுவில் வெறும் நீலம். மஞ்சளும் ஆரஞ்சும் கடும் வெயிலிலிருந்து தப்ப அந்த நுண்ணுயிர்கள் பூசிக்கொள்ளும் கரோட்டின் வகை நிறமிகள், கேரட்டில் இருப்பதுபோல.

“அப்போ நீலத்துல ஒண்ணுமே இல்லையா?” என்று மகள் கேட்டாள். இருக்கிறதாம். வெயிலே தேவைப்படாமல், நீரில் கரைந்த ஹைட்ரஜன் போன்றவற்றை உண்டு பிழைப்பவை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதிக்கும் ஊற்றுகளிலும் உயிர் இருக்கிறது. அப்புறம் நுண்ணுயிரியல் ஆய்வாளர் தாமஸ் பிராக் கதை. 1966இல் அவரும் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் இதே பூங்காவின் மஷ்ரூம் ஊற்றில் எடுத்த மாதிரியிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை திரும்பத் திரும்பச் சூடாக்கினாலும் கெடாத அதன் நொதிதான் டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் பரிசோதனையைச் சுலபமாக்கியது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனைதான். மகள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

மதிய வேன் இருந்தால் அதையே பதிவு செய்யுங்கள், பக்கத்திலிருக்கும் ஃபேரி ஃபால்ஸ் நடைபாதையிலுள்ள மேட்டுக்கும் கூட்டிப்போவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், முழு வட்டமும் அங்கிருந்துதான் தெரியும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் பறந்த இரண்டு தொப்பிகள் அந்த ஆரஞ்சுப் படலத்தின் மேல் கிடந்ததைப் பார்த்தோம், இறங்கி எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.