மழைமானிப் பதிவும் செயற்கைக்கோள் மழையும் ஒரே இடத்தில்: நம்பை, பாண்டாஸ், எக்ஸ்-அரே நீண்டகாலப் பயன்பாட்டில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மழைத் தரவைப் பைதனில் கையாள முனைகிறவரின் மேசைக்கு இரண்டு விதமான கோப்புகள் வந்து சேரும். ஒன்று எக்செல். நிலையத்தின் பெயர், திகதி, மழை மில்லிமீற்றரில், குள நீர்மட்டம் அடியில், கொள்ளளவு ஏக்கர் அடியில், ஓரத்தில் யாரோ தட்டிய குறிப்பு என்று எல்லாம் அதில் கலந்து கிடக்கும். மற்றது செயற்கைக்கோள் மழை. நேரம், அகலாங்கு, நெட்டாங்கு என்று மூன்று பரிமாணத்தில் அடுக்கிய எண்கள் மட்டுமே அதில் உண்டு. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கும் முன் மேலே எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால் இரண்டும் சேர்ந்தால்தான் விடை வரும். நான்கு பெரும்போகத் தரவை நம்பை, பாண்டாஸ், எக்ஸ்-அரே என்ற மூன்று பைதன் கருவித்தொகுப்புகளிலும் ஓட்டிப் பார்த்த கணிப்பு இது.

நம்பையின் சாதாரண அணி, அதாவது நிரை நிரலாக அடுக்கிய தரவு, ஒரே தரவு வகையைத்தான் தாங்கும். நிலையப் பெயர் நிரலையும் மழை நிரலையும் பக்கம் பக்கமாக ஒட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது. எண்கள் எல்லாம் சத்தமில்லாமல் 32 எழுத்துச் சரங்களாகிவிடும். பிறகு வரிசைப்படுத்தினால் 98.5 மில்லிமீற்றர் 210.0க்கு மேலே போய் நிற்கும், ஏனென்றால் ஒப்பீடு முதல் எழுத்திலேயே முடிந்துவிடுகிறது. விடுபட்ட நாட்கள் "nan" என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லாகப் பதிந்துவிடும். விடுபட்டதைத் தேடும் செயற்கூறு அப்போதுதான் வகைப்பிழை காட்டும். ஒட்டியவுடனே அணியின் வகையை ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது இந்த வேலையில் முதற்பழக்கமாக வேண்டும்.

இதற்கு நம்பையே தரும் தீர்வு ஸ்ட்ரக்சர்டு அணி. ஒவ்வொரு நிரையும் ஒரு பதிவு, பதிவுக்குள் பெயரிட்ட புலங்கள், புலத்துக்கு ஒரு வகை. பலர் கவனிக்காத நல்ல வசதி ஒன்றும் இதில் இருக்கிறது: ஒரு புலமே பல பரிமாண அணியாக இருக்கலாம். அரைமணிக்கு ஒன்றாக ஒரு நாளின் 48 மழை அளவுகளை ஒரே புலத்தில் வைத்தால், அந்தப் புலத்தை மட்டும் எடுக்கும்போது நாட்கள் × 48 என்ற வடிவில் ஒழுங்கான அணி கிடைக்கும். பெயருக்கு 12 யுனிகோட் குறி, திகதி, ஒரு பைட் தரக்குறி, 48 மழை அளவுகள், நீர்மட்டம் என்று வைத்தால் பதிவுக்கு 48+8+1+192+4, மொத்தம் 253 பைட். புலங்களை நினைவக எல்லைகளில் நிறுத்தும் சீரமைப்பை இயக்கினால் 256. தரவுப்பதிகருவி எழுதும் நிலையான நீளமுள்ள இருமக் கோப்பை வாசிக்க இதைவிட நேரான வழி இல்லை.

பெயருக்கு 48 பைட் ஏன் என்றால், நம்பை ஒவ்வொரு யுனிகோட் குறிக்கும் 4 பைட் ஒதுக்குகிறது. தமிழில் எழுதுகிறவர் இங்கேதான் அடிவாங்குவார். "மட்டக்களப்பு" கண்ணுக்கு எட்டு எழுத்து. யுனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் பன்னிரண்டு. புலத்தை எட்டு என்று அறிவித்தால் "மட்டக்கள" என்று வெட்டுண்டு நிற்கும், எச்சரிக்கை வராது. பைட்சர வகையில் தமிழை நேரடியாக இடவே முடியாது. குறியேற்றப் பிழை வரும்.

இன்னொன்று, "பொத்துவில்" என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். குழுவாக்கினால் இரண்டு பொத்துவில் வரும், மழையும் இரண்டாகப் பிரியும். கோப்பை வாசித்த கையோடு எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யுனிகோட் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். பைதன் மாறிப் பெயர்களைத் தானே இயல்பாக்கும். மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களைத் தொடாது. ஆகவே தமிழில் மாறிப் பெயர் வைத்தவர் புள்ளி (.) போட்டு எடுக்கும்போது ஒன்றும், அடைப்புக்குள் பெயர் கொடுத்து எடுக்கும்போது வேறொன்றும் கிடைத்துத் திகைப்பார். நிலையத்துக்குச் சிறிய முழுஎண் குறியீடு கொடுத்து, தமிழ்ப் பெயரைத் தனி அட்டவணையில் வைப்பதே பாதுகாப்பு. பதிவும் 253 பைட்டிலிருந்து 207ஆகக் குறையும்.

ஸ்ட்ரக்சர்டு அணியை நிரப்பும்போது ஒவ்வொரு நிரையும் டியூப்பிளாக (வளைவு அடைப்பு) இருக்க வேண்டும். லிஸ்ட்டாகக் (சதுர அடைப்பு) கொடுத்தால் அதை நம்பை இன்னொரு பரிமாணம் என்று எடுத்துக்கொள்ளும். புலங்கள் எல்லாம் எண்ணாக இருந்தால் பிழையும் வராது. ஒவ்வொரு எண்ணும் எல்லாப் புலங்களிலும் நகலாகி, அணி இரண்டு பரிமாணமாகப் பெருத்துவிடும். பல புலங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் 1.16ஆம் பதிப்பிலிருந்து கிடைப்பது பார்வைதான், நகல் கிடையாது; அதில் மாற்றியது மூலத்திலும் மாறும். முழுப் பதிவின்மீது கூட்டல் கழித்தல் நடக்காது. ஒரு புலத்தின் சராசரியை மட்டும் எடுத்தாலும், நான்கு பைட்டுக்காக 253 பைட் தாண்டித் தாண்டி நினைவகத்தைத் தொடுவதால் வேகம் விழும். ஆகவே இதை வாசற்படியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். உள்ளே வந்ததும் எண்புலங்களைத் தனி அணிகளாக நகலெடுத்துக் கணக்கை அங்கே செய்யுங்கள்.

ஆப்ஜெக்ட் வகையைப் பற்றிச் சுருக்கமாக. எதையும் தாங்கும் என்பதற்காக அதை நாடவேண்டாம். ஓர் எண்ணுக்கு 8 பைட் சுட்டி, அதற்குப் பின்னால் 24 பைட் பைதன் எண். வேகமும் போய்விடும். சேமித்த கோப்பைத் திறக்க பிக்கிள் (பைதன் பொருள்களை அப்படியே சேமிக்கும் முறை) அனுமதி வேறு கொடுக்கவேண்டும், திறக்கும்போதே உள்ளிருக்கும் நிரல் ஓடக்கூடும் என்பதால் அது பிறர் தந்த கோப்பில் ஆபத்து. நீளம் ஒவ்வாத நிரைகளைக் கொடுத்தால் 1.24ஆம் பதிப்பிலிருந்து நம்பை பிழை சொல்லி நிறுத்துகிறது. நல்ல மாற்றம்.

பாண்டாஸ் நிலைய அட்டவணைக்குப் பொருத்தமானது. நிரலுக்கு ஒரு வகை, திகதி வசதி, எக்செல் வாசிப்பு எல்லாம் கைக்கு வாகாக இருக்கும். ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. முழுஎண் நிரலில் ஒரு நாள் விடுபட்டாலும் நிரல் முழுவதும் மிதவைப்புள்ளி (தசம) எண்ணாகும். வெற்றிடம் ஏற்கும் முழுஎண் வகையை நீங்களே கேட்டு வாங்கவேண்டும். 065, 067 என்று தொடங்கும் தொலைபேசி எண்களைச் சரம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் முன்னிருக்கும் பூச்சியம் போய்விடும். மழை நிரலில் அளக்கமுடியாத சிறுதூறலை எழுத்தில் குறித்திருப்பார்கள். அதைக் கட்டாயமாக எண்ணாக்கினால் தூறலும் வாசிக்காத நாளும் ஒரே வெற்றிடமாகிவிடும். மழையற்ற நாட்களை எண்ணுகிறவருக்கு இது பெரிய இழப்பு. எண்ணாக்கும் முன் தரக்குறி நிரல் ஒன்று திறந்து, தூறலுக்கு 1, விடுபட்டதற்கு 2 என்று எழுதிவைத்துவிட்டுத்தான் மழை நிரலைத் தொடவேண்டும். மூன்று பரிமாணத்துக்கென்று பாண்டாஸிலிருந்த பேனல் 2019இல் 0.25ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது.

இரண்டையும் இணைக்கும் வேலைக்கு எக்ஸ்-அரேதான். ஒரு டேட்டாசெட்டுக்குள் நேரம்-அகலாங்கு-நெட்டாங்கு கொண்ட கட்டமழையும், நேரம்-நிலையம் கொண்ட மானிமழையும், நேரம்-குளம் கொண்ட நீர்மட்டமும், ஒவ்வொன்றும் தன் வகையோடு அருகருகே இருக்கும். பெயர்கள் ஆயக்குறிகளாக ஓரத்தில் நிற்கும், எண்களோடு கலக்காது. பரிமாணத்துக்குப் பெயர் இருப்பதன் அருமை 12 மாதம் × 12 நிலையம் என்ற அணியில் தெரியும். நம்பையில் 12 நிலையங்களின் திருத்தத்தைக் கூட்டும்போது அது எந்த அச்சில் போனாலும் வடிவம் பொருந்தும். தவறான அச்சில் கூட்டினாலும் விடை வரும். எக்ஸ்-அரே பெயரைப் பார்த்துக் கூட்டுகிறது.

அதற்கும் தன் குழிகள் உண்டு. கழித்தல் செய்யும்போது இரண்டு பக்கமும் உள்ள நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொல்லாமல் விட்டுவிடும். மானி வாசிக்காத ஞாயிற்றுக்கிழமைகள் பதிவில் இல்லையென்றால் 365 நாள் சுருங்கிப்போகும். கணித இணைப்பு விருப்பத்தை (arithmetic_join) "துல்லியம்" (exact) என்பதற்கு மாற்றினால் பொருந்தாத இடத்தில் பிழை எழும், தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள். அகலாங்கு 7.7ஐ ஒரு கோப்பு 32 பிட்டிலும் மற்றது 64 பிட்டிலும் வைத்திருந்தால் அவை சமமாகாது; கழித்தால் வெற்று அணிகூட வரலாம். இரண்டையும் 64 பிட்டாக்கி மூன்று தசமத்துக்குச் சுருட்டிவிட்டுத்தான் சேர்க்கவேண்டும்.

நிலையங்கள் இருக்கும் கட்டங்களைப் பிடிக்கும்போது அகலாங்கு, நெட்டாங்குகளைச் சாதாரண லிஸ்ட்டாகக் கொடுத்தால் பத்து நிலையத்துக்கு 10 × 10 என்று நூறு புள்ளி வரும். இரண்டையும் "நிலையம்" என்ற பொதுப் பரிமாணம் கொண்ட டேட்டா-அணிகளாக (எக்ஸ்-அரேயின் பெயரிட்ட அணி) கொடுத்தால்தான் பத்து கிடைக்கும். அருகிலுள்ள கட்டம் என்று கேட்கும்போது தூர எல்லையும் கொடுங்கள். செயற்கைக்கோளையும் மானியையும் கலந்து செய்யும் சிர்ப்ஸ் (CHIRPS) மழைத் தரவு நிலத்துக்கு மட்டுமே உரியது, கட்டம் 0.05 பாகை, ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர். கல்முனை போன்ற கரையோர நிலையத்துக்கு அருகிலுள்ள கட்டம் கடலாக இருந்து −9999 வரலாம். அதை வெற்றிடமாக்காமல் சராசரி எடுத்தால் மழை எதிர்க்கணியமாகும்.

நாசாவின் அரைமணிச் செயற்கைக்கோள் மழையான ஐமேர்க் (IMERG) தரவில் அலகு மணிக்கு மில்லிமீற்றர். அரைமணித் துண்டு ஒவ்வொன்றையும் 0.5ஆல் பெருக்காமல் கூட்டினால் மழை இரட்டிப்பாகும். அதன் கோப்பில் நெட்டாங்கு முன்னாலும் அகலாங்கு பின்னாலும் வரும். நம்பையில் வரிசை எண்ணை நம்பி எடுத்தவர் வேறெங்கோ பெய்த மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக நேரம். பிழை அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். இலங்கையில் நாள்மழை காலை 8.30க்கு அளக்கப்படுகிறது, அது உலக நேரத்தில் 03.00. நம்பையின் திகதி வகைக்கு நேரவலயம் தெரியாது. உலக நேர நள்ளிரவில் நாளை வெட்டினால் இங்கே காலை 5.30இலேயே நாள் மாறிவிடும். விடியற்கால மழையில் ஒரு பங்கு வேறு நாளில் போய் விழும். நாளாகக் கூட்டும்போது மூன்று மணிநேர நகர்வு கொடுக்கவேண்டும். அப்படியும் பெயர்ச்சீட்டு தொடங்கிய நாளின் திகதியாகத்தான் வரும். மானிப் பதிவு வாசித்த நாளின் திகதியில் எழுதப்பட்டிருந்தால் ஒரு நாள் கூட்டவேண்டும். எந்த வழக்கத்தில் எழுதினார்கள் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறலாம். −1, 0, +1 நாள் நகர்த்தி மூன்று ஒட்டுறவுக் கெழுவும் எடுத்து, உயர்ந்தது எதுவென்று நிலையம்வாரியாகப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களை மட்டும் எடுத்தால் போதும், வாடைக்காற்று மழையில் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

சேமிக்கும்போது, பல பரிமாணத் தரவுக்கான நெட்சிடிஎஃப் (NetCDF) கோப்பில் மழையை 0.1 அளவுக்காரணியோடு 16 பிட் முழுஎண்ணாக வைத்தால் 3276.7 மில்லிமீற்றர் வரை கொள்ளும், எந்தப் புயல் நாளுக்கும் இது தாராளம். வெற்றிடத்துக்குரிய நிரப்பெண்ணை அதோடு அறிவித்துவிட வேண்டும். மறந்தால் விடுபட்ட நாட்கள் ஏதோ ஓர் எண்ணாக எழுதப்படும். அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க வழியில்லை.