பொசெஸ்டா, டெத்தா? வலது கையைக் கேட்டால் தெரியும்

டெத் மெட்டல் என்ற அதிவேக, கரடுமுரடான மெட்டல் இசைவகையைத் தொடங்கியது யார் என்ற சண்டை எங்கே கிளம்பினாலும், கடைசியில் களத்தில் நிற்பது இரண்டே பெயர்கள். ஒன்று, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துப் பொசெஸ்ட். இன்னொன்று, ஃப்ளோரிடாவில் மான்டாஸ் என்று பிறந்து 1984-லேயே டெத் என்று பெயர் மாறிய சக் ஷுல்டினரின் குழு. முன்னோடிக் குழுக்களான வெனம், ஹெல்ஹாமர், ஸ்லேயர் மூன்றும் இருவருக்கும் பொதுச் சொத்து. மான்டாஸ் என்பதே வெனம் கிட்டாரிஸ்டின் மேடைப் பெயர்தான். அவர்களையும் உள்ளே இழுத்தால் பேச்சு ஹெவி மெட்டலின் ஆதிக் குழுவான பிளாக் சபாத் வரை போய் நிற்கும், அதனால் விட்டுவிடலாம்.

என் ஓட்டு பொசெஸ்டுக்கு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களுக்காக இல்லை.

முதல் காரணம் பெயர். பொசெஸ்டின் 1984 டெமோவின் (ஆல்பத்துக்கு முன் குழு தானே பதிவு செய்யும் மாதிரிக் கேசட்) தலைப்பே ‘டெத் மெட்டல்’. ஆனால் அதே ஆண்டில் மான்டாஸின் டெமோ ‘டெத் பை மெட்டல்’. அதே ஆண்டில் ஜெர்மனியின் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட தொகுப்பின் பெயரும் ‘டெத் மெட்டல்’. அதில் ஹெல்ஹாமரோடு ஹெலோவீனும் ரன்னிங் வைல்டும் இருக்கிறார்கள். ஹெலோவீனை டெத் மெட்டல் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல் அப்போது காற்றில் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் தேதி. பொசெஸ்டின் முதல் ஆல்பம் ‘செவன் சர்ச்சஸ்’ 1985 அக்டோபர், டெத்தின் முதல் ஆல்பம் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ 1987 மே. பத்தொன்பது மாத முன்னிலை பெரிதாகத் தெரியும். ஆனால் கடைக்கு வந்த தேதியை நம்பினால் இந்தத் துறையில் நிச்சயம் ஏமாறுவோம். மிச்சிகனின் ரிபல்ஷன் குழு 1986-ல் பதிவு செய்த ‘ஹாரிஃபைட்’ 1989-ல்தான் ஆல்பமாக வந்தது. மோர்பிட் ஏஞ்சல் குழு அதே 1986-ல் பதிவு செய்தது வெளிவர 1991 ஆனது. லேபிள் கிடைப்பது வேறு, பாட்டு பிறப்பது வேறு. டெமோவுக்கு டெமோ வைத்துப் பார்த்தால் பொசெஸ்டும் மான்டாஸும் ஒரே ஆண்டில்தான் நிற்கிறார்கள்.

அப்புறம் எதை வைத்துத் தீர்ப்பது? கிட்டாரிஸ்டின் வலது கையை வைத்துத்தான்.

டெத் மெட்டலுக்கு முந்தைய வேக மெட்டல் பாணியான த்ராஷில் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். உள்ளங்கை ஓரத்தைக் கிட்டாரின் பாலத்தின் (கம்பிகள் அமரும் கட்டை) மேல் அழுத்தி, தடித்த கம்பியை ‘ஜக் ஜக் ஜக்’ என்று கீழ்நோக்கி அடிப்பது, நடுநடுவே பவர் கார்டைத் (இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் சுரக்கூட்டு) திறந்து விடுவது. தாளம்தான் அங்கே ராஜா. டெத் மெட்டல் ரிஃபில் அந்த உள்ளங்கை பெரும்பாலும் தூக்கப்பட்டுவிடுகிறது. பிக் (கம்பியைத் தட்டும் சிறு வில்லை) கீழும் மேலுமாக, ஒரு துடிப்புக்கு நான்கு தட்டு வீதம், ஒரே சுரத்தின் மேல் நிற்காமல் ஓடும். நிமிடத்துக்கு 200 துடிப்பு என்று வைத்தால் நொடிக்குப் பதின்மூன்று தட்டு. அந்த வேகத்தில் தனித்தனி அடி காதில் விழாது. சுரம் ஒரு கோடாக நீளும். அந்தக் கோடு பெரும்பாலும் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்வதால், எந்தச் சுர வரிசையில் (ஸ்கேல்) இருக்கிறோம் என்ற பிடி நழுவிவிடும். கேட்பவருக்கு வயிற்றைப் பிசைவது அதனால்தான்.

‘செவன் சர்ச்சஸ்’ முழுக்க இந்தக் கைதான். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ பாட்டின் மணியோசை முகப்பு முடிந்ததும் வருவதை 75 சதவீத வேகத்தில் ஓடவிட்டுத் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். டிரம்ஸில் மைக் சஸ் அடிப்பது பழைய த்ராஷ் தாளம், இடையிடையே தடுமாறவும் செய்கிறது. அதற்கு மேல் கிட்டாரில் மைக் டொராவும் லாரி லலோண்டும் கோடு இழுத்துக்கொண்டே போகிறார்கள். (அந்த லலோண்ட் பின்னாளில் வேறு பாணி ராக் குழுவான பிரைமஸில் வாசித்தவர் என்றால் சிலர் இன்னும் நம்ப மாட்டார்கள்.)

நல்ல வேளையாக இரண்டு ஆல்பத்துக்கும் லேபிள் ஒன்றே, காம்பாட். தயாரிப்பாளரும் ஒருவரே, ராண்டி பர்ன்ஸ். அதனால் ஒலிப்பதிவு பாணியின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

இன்னும் கறாரான சோதனை ஒன்று உண்டு. பொசெஸ்டின் 1984 டெமோவில் இருந்த மூன்று பாட்டும் (‘டெத் மெட்டல்’, ‘ஈவில் வாரியர்ஸ்’, ‘பர்னிங் இன் ஹெல்’) ஆல்பத்திலும் உண்டு. டெமோவில் லலோண்ட் இல்லை, பிரையன் மொன்டானா இருந்தார். ஆள் மாறியும் ரிஃபின் குணம் மாறவில்லை. மான்டாஸ் டெமோவின் ‘ஈவில் டெட்’ பாட்டை 1987 ஆல்பத்தில் இருப்பதோடு வைத்துக் கேளுங்கள். பாட்டின் எலும்புக்கூடு அதேதான். ஆனால் முதலாவது வெனமை வேகமாக வாசித்தது போல இருக்கும், இரண்டாவதுதான் டெத் மெட்டல். பொசெஸ்ட் 1984-லேயே வந்து சேர்ந்த இடத்துக்கு டெத் நடந்து வந்தது.

நடுவில் என்ன நடந்தது? 1985 இறுதியில் சக் சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடிபெயர்ந்தார். ‘செவன் சர்ச்சஸ்’ வெளிவந்த காலம், அதைத் தந்த குழுவின் ஊர்ப்பக்கம். அப்புறம் ஃப்ளோரிடா, டொரான்டோவில் ஸ்லாட்டர் குழுவோடு சில வாரம், திரும்பக் கலிஃபோர்னியா. 1986-ல் டிரம்மர் கிரிஸ் ரைஃபர்ட்டோடு ‘மியூட்டிலேஷன்’ டெமோ. அதில்தான் கை முழுதாக மாறியிருக்கிறது. பொசெஸ்ட் சக்குக்குப் பிடித்த குழு என்பதில் ரகசியமில்லை. ஆனாலும் காலம் பொருந்துவது ஒன்று, நிரூபணம் இன்னொன்று. 1985-ல் ரிபல்ஷனின் ஸ்காட் கார்ல்சனும் மேட் ஒலிவோவும் சில காலம் டெத்தில் இருந்தார்கள். அந்த வேகம் மிச்சிகனிலிருந்து வந்தது என்று யாராவது வாதாடினால், அதை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன்.

டெமோக்களைக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. இன்று கையில் கிடைக்கும் பல கோப்புகள் மூன்றாம், நான்காம் தலைமுறை கேசட் நகலிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், மேல் அலைவரிசை தேயும். கடைசியில் எல்லாமே இருட்டாகக் கேட்கும். போதாக்குறைக்கு கேசட் ஓட்டும் டெக்கின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். 3 சதவீதம் மெதுவாக ஓடினாலே சுருதி ஏறத்தாழ கால் தொனி, அதாவது அரைச்சுரத்தில் பாதி இறங்கிவிடும். ‘1984-லேயே எவ்வளவு கீழே டியூன் பண்ணியிருக்கிறார்கள் பார்’ என்ற வாதம் பலமுறை இந்த டெக் செய்த வேலைதான். தட்டு எண்ணிக்கைக்கு இந்தத் தொல்லை கிடையாது. டேப் எவ்வளவு தேய்ந்தாலும் ஒரு துடிப்புக்கு நான்கு என்பது நான்குதான்.

குரலில் பொசெஸ்ட் தோற்றுப்போகும். அதன் பாடகர் ஜெஃப் பெசெர்ரா குரைக்கிறார், கிழிக்கிறார், ஆனால் வார்த்தை காதில் விழுகிறது. அடிவயிற்று உறுமலுக்குப் பக்கத்தில் போனது ஆரம்ப டெத் டெமோக்களில் டிரம்ஸோடு பாடவும் செய்த காம் லீ. டெத் கட்சிக்காரர்கள் இந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டால் பதில் சொல்வது கஷ்டம். டிரம்ஸ் விஷயத்தில் இரண்டு பேருக்கும் மதிப்பெண் இல்லை. பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம்ஸ் அடிக்கு ரிபல்ஷன் பக்கம்தான் போக வேண்டும்.

வம்சம் என்று பேசினால் போட்டியே கிடையாது. பொசெஸ்ட் 1986-ல் மந்தமான ஒலியோடு ‘பியாண்ட் தி கேட்ஸ்’ ஆல்பம், 1987-ல் த்ராஷ் பக்கம் சாய்ந்த ஒரு சிறு ஆல்பம் (இ.பி.), அதோடு பிரிந்துபோனது. டெத் 1988-ல் டாம்பாவின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் ‘லெப்ரசி’ ஆல்பத்தைப் பதிவு செய்தது, அடுத்த சில ஆண்டுகள் பாதி உலகம் அந்த ஸ்டுடியோ வாசலில் நின்றது. சாலை போட்டது டெத் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கேள்வி முதலில் அந்தப் பக்கம் காட்டை வெட்டியது யார் என்பது. அந்தப் பட்டத்தைச் சக்கும் தனக்கென்று கேட்டதில்லை. யாராவது சூட்ட வந்தால் மறுத்துவிடுவார்.

ஒரே உட்காரலில் சோதிக்க வேண்டுமென்றால் வரிசை இது: மான்டாஸ் டெமோவின் ‘ஈவில் டெட்’, பொசெஸ்ட் டெமோவின் ‘பர்னிங் இன் ஹெல்’, பிறகு ஆல்பத்து ‘ஈவில் டெட்’. பதினைந்து நிமிடம்கூட ஆகாது. குரலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பிக்கை மட்டும் பின்தொடருங்கள்.