ராஸ்பெரி பை 400: பள்ளிக் கணினி அறையில் எப்படி?

விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிவிடுவதால், எங்கள் அரசுப் பள்ளியில் மேசைக்கடியில் பெட்டி வைக்கும் தொல்லை ஒழிந்தது. 2020-ல் வெளிவந்த கருவி. 4 ஜிபி நினைவகம். விசிறி இல்லை, ஆகவே இரைச்சலும் இல்லை. பிள்ளைகள் போடுகிற சத்தமே போதுமே! ஸ்கிராட்ச், பைத்தான் ஆகிய நிரல்மொழிகள், லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. உலாவியில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்தால் மட்டும் திணறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, வெளி மின்சுற்றுகளைப் பொருத்துவதற்காகப் பின்புறமுள்ள 40 முனை இணைப்புதான். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய சில வரி நிரலுக்கு எல்இடி விளக்கு கண்சிமிட்டியதும், பக்கத்து மேசைப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். அன்றைய பாடம் அதோடு சரி. நடுவில் மின்தடையத்தை (ரெசிஸ்டர்) சேர்க்கச் சொல்லிக்கொண்டே இருங்கள்; இல்லாவிட்டால் விளக்கு கருகும்.

ஹெட்போன் செருகும் துளை கிடையாது. மொழிப் பயிற்சிக்கு யூஎஸ்பி ஹெட்போன் தனியாக வாங்க வேண்டும். எல்லாமே மைக்ரோ எஸ்டி அட்டையில் இருப்பதால், திடீர் மின்வெட்டில் கோப்புகள் பாழாகலாம். நகலெடுத்த அட்டைகளை இழுப்பறையில் தயாராக வையுங்கள். அட்டைத் துளையின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். துறுதுறு விரல்கள் முதலில் தேடிப் போவது அங்கேதான்.